இரத்தம் எந்த ஜாதி?

பாபநாசம் என்னும் பெயருக்குப் பாவத்தை நாசம் செய்கின்ற ஊர் என்று பொருள் சொல்லப்படுகின்றது. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், நெல் வயல் சூழ்ந்து கிடக்கும் இவ்வூரின் தலபுராணம் சொல்லுவது என்னவென்றால், யுத்தத்தில் அரக்கர்களைக் கொன்ற பாவம் தன்னைப் பின்தொடர்வதைக் கண்ட இராமன், இங்கே 108 லிங்கங்களை வைத்துப் பூசை செய்து அப்பாவத்தைத் தொலைத்துக் கொண்டான் என்பதாகும். கொலைப் பாவமே இங்கு தொலையுமாம். நல்லது, தொலையட்டும். ஆனால் நாம் ஒரு சிறு கேள்வி கேட்கின்றோம். இவ்வளவு சக்தி வாய்ந்த தலத்தில், தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்ட ஒரு மனிதனுடைய பிறவி இழிவு என்றைக்காவது தொலைந்ததுண்டா? கொலை செய்தவன் முழுகி எழுந்தால் சுத்தம். நாற்று நட்டவன் நூறு முறை முழுகி எழுந்தாலும் அவன் பழைய ஆள்தான். இது என்ன கணக்கு?

இதற்கு வைதிகர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பாவம் செய்கையால் வந்தது, அதைக் கழுவலாம்; ஜாதி பிறவியால் வந்தது, அது இரத்தத்தில் ஊறியது, அதைக் கழுவ முடியாது என்பதுதான் அந்தப் பதில். முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று இன்று வெளிப்படையாய்ப் பேசுவதற்குப் பலருக்கு வெட்கமாயிருக்கின்றது. ஆதலால் முகத்தையும் காலையும் விட்டுவிட்டு, இரத்தத்தைப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். “எங்கள் இரத்தம் வேறு”, “இரத்தம் கலந்துவிடக் கூடாது” என்று படித்தவர்களே பேசுகிறார்கள். இந்தப் பேச்சு வெறும் பேச்சாய் நின்றுவிடுவதுமில்லை. பெற்ற மகள் வேறு ஜாதியில் ஒருவனை மணந்துகொண்டாள் என்பதற்காக அவளையோ, அவனையோ வெட்டிச் சாய்த்துவிட்டு, குலத்தின் இரத்தத்தைக் காப்பாற்றினோம் என்று மீசை முறுக்குகிறவர்கள் இந்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு ஆணவக் கொலை என்று பெயரும் ஏற்பட்டுவிட்டது.

ஆகவே, இரத்தம் இரத்தம் என்று கூவுகின்றார்களே, அந்த இரத்தத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்தால் என்ன? புராணத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அவரவர் எழுதிக் கொண்டதைத்தான் அது சொல்லும். இரத்தம் அப்படியல்ல. அது யாரும் எழுதி வைத்ததல்ல. யாரும் லஞ்சம் கொடுத்து மாற்றக் கூடியதுமல்ல.

இரத்தம் சிவப்பாயிருப்பது எதனால்? அதில் மிதக்கும் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்கின்ற ஒரு புரதம் நிறைந்திருக்கின்றது. புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் சிறு சரக்குகள், மணிமாலை கோத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்து உண்டான சங்கிலி. இந்த மணிகள் மொத்தம் 20 வகை. ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் இருக்கின்றன. ஆல்பா என்னும் சங்கிலி இரண்டு, ஒவ்வொன்றிலும் 141 மணிகள். பீட்டா என்னும் சங்கிலி இரண்டு, ஒவ்வொன்றிலும் 146 மணிகள். ஆக 574 மணிகள். ஒவ்வொரு சங்கிலியும் இரும்பு அடங்கிய ஒரு தட்டை மடியில் வைத்துக் கொண்டிருக்கின்றது. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயு நுரையீரலில் அந்த இரும்பைப் பற்றிக்கொண்டு போய், உடம்பின் மூலை முடுக்குகளில் இறங்குகின்றது. தசையில் இதற்கு ஒரு தங்கை இருக்கின்றது, மயோகுளோபின் என்று பெயர், ஒற்றைச் சங்கிலி, 153 மணிகள். இவற்றின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக பெரூட்ஸ், கெண்ட்ரூ என்னும் இருவருக்கு 1962ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் குடும்பத்துக்குத்தான் குளோபின் குடும்பம் என்று பெயர்.

இனி, இந்தக் குடும்பத்தார் எங்கெங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். இதற்காகச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. பாபநாசத்து வயலில் இறங்கினால் போதும். வரப்பை வெட்டும்போது மண்வெட்டியில் அகப்படும் மண்புழுவின் உடம்பில் ஓடுவதும் சிவப்பு இரத்தமே. அந்தச் சிவப்பும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான். நம்முடையது அணுவுக்குள் அடைபட்டிருக்கின்றது, மண்புழுவினுடையது இரத்த நீரிலேயே கரைந்திருக்கின்றது, அவ்வளவே வித்தியாசம். தேங்கிய குட்டையின் சேற்றிலே நெளியும் சிவப்புப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் குஞ்சு அது. காற்று குறைந்த சேற்றில் அது பிழைத்திருப்பதற்கு அதனிடமுள்ள ஹீமோகுளோபின்தான் துணை.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. தை மாதத்தில் சம்பாவோ, தாளடியோ அறுப்புக்கு நிற்கும்போதே, ஈரம் காய்வதற்குள் உளுந்தையும் பச்சைப் பயறையும் விதைத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். அந்த உளுந்துச் செடி ஒன்றைப் பூக்கும் பருவத்தில் வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். செடிக்கு ஏது இரத்தம்? அந்தச் சிவப்பும் ஹீமோகுளோபினே என்பதை 1939ல் ஜப்பான் தேசத்து குபோ என்பவர் எடுத்துக் காட்டினார். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்குகின்றன. அந்த வேலை நடக்கும் இடத்தில் பிராணவாயு மிஞ்சினால் வேலை கெட்டுப் போகும். இல்லாவிட்டால் பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். அளந்து கொடுக்க ஒரு கணக்கன் வேண்டும். அந்தக் கணக்கன்தான் உளுந்தின் குளோபின்.

மனிதனுக்கும் மண்புழுவுக்கும் உளுந்துக்கும் ஒரே குடும்பத்துச் சரக்கு எப்படி வந்தது? பாக்டீரியாக்களிலும் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் இருக்கின்றன என்பதிலிருந்து, மிருகமும் செடியும் தனித்தனியாய்ப் பிரிவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் குடும்பம் ஏற்பட்டுவிட்டது என்று தெரிகின்றது. கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிருக்கு இரத்தமும் இல்லை, பிராணவாயுவைச் சுமந்து போக வேண்டிய தூரமும் இல்லை. ஆதலால் இதன் முதல் வேலை சுமை தூக்குவதல்ல. கெடுதல் செய்யும் வாயுக்களை மடக்குவது போன்ற வேறு வேலையாயிருந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பிற்காலத்தில் உடம்பு பெருத்த பிராணிகள், வீட்டிலிருந்த பழைய கருவியையே புது வேலைக்கு எடுத்துக் கொண்டன.

“இதெல்லாம் யார் பார்த்தது? நீங்கள் கூட இருந்தீர்களா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுகிறோம்.

பாபநாசத்துக்குப் பக்கத்திலுள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855ல் பிறந்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் நம் கொள்கைக்காரரல்ல. ஆனாலும் ஏட்டுச் சுவடிகளை ஊர் ஊராய்த் தேடி, ஒன்றோடொன்று ஒப்பு நோக்கி, 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட அவருடைய உழைப்பை யாரும் மறுக்க முடியாது. ஏடு பார்த்து ஏடு எழுதும்போது எழுதுகிறவன் கை தவறும். ஓர் எழுத்து மாறும். ஒரு வரி விட்டுப் போகும். அடுத்தவன் அந்தத் தவறோடேயே பார்த்து எழுதுவான். ஆகவே மதுரையில் ஒரு சுவடியும் தஞ்சையில் ஒரு சுவடியும் அகப்பட்டு, இரண்டிலும் அதே இடத்தில் அதே பிழை இருந்தால் என்ன அர்த்தம்? இரண்டுக்கும் மூலமான சுவடி ஒன்று என்று அர்த்தம். அந்த மூலத்தை எழுதியவன் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சரியான பாடம் எல்லோரிடமும் ஒன்றாயிருக்கலாம். பிழையும் ஒன்றாயிருந்தால் அது உறவு.

புரதச் சங்கிலியில் எந்த மணிக்குப் பின் எந்த மணி வர வேண்டும் என்ற கட்டளை, ஒவ்வோர் உயிரின் அணுவுக்குள்ளும் ஜீன் என்னும் ஏட்டில் எழுதியிருக்கின்றது. தகப்பனிடமிருந்தும் தாயிடமிருந்தும் பிள்ளைக்கு அது படியெடுத்து வருகின்றது. படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்துத் தவறுகின்றது. 1962ல் சுக்கர்காண்டல், பாலிங் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், பல பிராணிகளின் ஹீமோகுளோபினை வைத்துக் கொண்டு, வித்தியாசங்களை எண்ணினால் பிரிந்த காலத்தையும் மதிப்பிடலாம் என்று வழி காட்டினார்கள். மனிதனுடைய பீட்டா சங்கிலியையும் சிம்பன்ஸிக் குரங்கினுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 146 மணிகளில் ஒன்றுகூட வித்தியாசமில்லை. கொரில்லாவில் ஒன்று வித்தியாசம். நம் கோயில் மதில்களில் தாவும் குரங்கின் இனத்தைச் சேர்ந்த ரீசஸ் குரங்கில் 8. கோழியில் ஏறத்தாழ 45. தவளையில் ஏறத்தாழ 67. தூரத்து உறவுக்குத் தூரத்து வித்தியாசம். கிட்டின உறவுக்குக் கிட்டின வித்தியாசம். எலும்பைப் பார்த்து டார்வின் காலத்தில் போட்ட வமிசாவளியும், புரதத்தைப் பார்த்துப் பின்னால் போட்ட வமிசாவளியும் பெரும்பாலும் ஒத்துப் போகின்றன. இரண்டு சாட்சிகள், ஒருவர் சொன்னதை மற்றவர் கேளாமல், ஒரே மாதிரி சொன்னால் நீதிபதி என்ன தீர்ப்புச் சொல்லுவார்?

ஒரு சங்கிலி பல சங்கிலியானதும் இப்படித்தான். படியெடுக்கும்போது சில சமயம் ஒரே ஏடு இரண்டு படியாய் விழுந்துவிடும். ஒரு படி பழைய வேலையைப் பார்க்கும். மற்றது தன் போக்கில் மாறும். ஆல்பாவும் பீட்டாவும் ஏறத்தாழ 45 கோடி முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னே, மீன்களான நம் முன்னோரிடத்தில் இவ்வாறு பிரிந்தவை. தாய் வயிற்றிலுள்ள சிசுவுக்கு மூச்சு விட வழியில்லை. தாயின் இரத்தத்திலிருந்துதான் பிராணவாயுவை வாங்க வேண்டும். அதற்காகச் சிசுவினிடம், இன்னும் இறுக்கிப் பிடிக்கும் வேறொரு ஹீமோகுளோபின் இருக்கின்றது. அதிலுள்ள காமா என்னும் சங்கிலியும் பீட்டாவின் பழைய படிகளில் ஒன்று திரிந்து வந்ததுதான். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தார்ன்டன் என்பவருடைய ஆராய்ச்சிக் கூட்டத்தார், இன்றுள்ள படிகளை ஒப்பிட்டுப் பழைய மூல ஏட்டை ஊகித்து, அந்தப் புரதத்தைச் சோதனைச் சாலையில் செய்தே பார்த்தார்கள். இரண்டிரண்டாய்ச் சேர்ந்திருந்த பழைய புரதம் நான்காய்ச் சேருவதற்கு இரண்டே இரண்டு மணிகள் மாறினால் போதும் என்று 2020ல் வெளியிட்டார்கள். இவ்வளவு நுட்பமான கருவி தானாய் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

நிற்க, இன்னொரு ஆட்சேபனை உண்டு. “குயவன் ஒருவனே பல பானை செய்கிறான், ஆதலால் பானைகள் ஒரே மாதிரி இருக்கின்றன. கடவுள் ஒருவரே எல்லா உயிரையும் செய்ததால்தான் இரத்தம் ஒன்றாயிருக்கின்றது” என்பார்கள். அப்படியானால் அதே வரப்பில் வளை தோண்டியிருக்கும் நண்டைப் பாருங்கள். நண்டின் இரத்தம் சிவப்பல்ல. காற்றுப் பட்டால் நீலம் பாய்கின்றது. அதில் இரும்புக்குப் பதில் செம்பு. குளோபினுக்குப் பதில் ஹீமோசயனின் என்னும் வேறொரு குடும்பத்துப் புரதம். ஒரே வயலில், ஒரே வேலைக்கு, புழுவுக்கு ஒரு சரக்கும் நண்டுக்கு வேறு சரக்கும் ஏன்? வமிசம் வேறாய்ப் பிரிந்ததால் என்றால் விளங்குகின்றது. குயவன் இஷ்டம் என்றால் ஒன்றும் விளங்கவில்லை.

அதுவும் போகட்டும். அண்டார்டிகா கடலிலே வெள்ளை இரத்தமுள்ள மீன்கள் இருக்கின்றன. அவற்றின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இல்லை என்று 1954ல் ரூட் என்பவர் எழுதினார். குளிர்ந்த நீரில் பிராணவாயு மிகுதியாய்க் கரைந்திருப்பதால் இல்லாமலே அவை பிழைக்கின்றன. பின்னால் அவற்றின் ஜீன்களைப் பார்த்தபோது என்ன கண்டார்கள்? பெரும்பாலான இனங்களில் பழைய ஆல்பா ஏட்டின் கிழிந்த துண்டு மட்டும் உபயோகமின்றிக் கிடந்தது. புதிதாய்ச் செய்கின்ற குயவன், உடைந்த பழைய ஓட்டை ஏன் உள்ளே வைத்துப் பூச வேண்டும்? அவ்வளவு தூரம் போவானேன்? நம் உடம்பிலேயே பீட்டா வகை ஜீன்களின் நடுவில், புரதம் செய்யத் தகுதியற்றுப் போன ஒரு ஜீன் கிடக்கின்றது. சிம்பன்ஸியிலும் கொரில்லாவிலும் அதே இடத்தில், அதே பழுதோடு கிடக்கின்றது. ஏட்டுச் சுவடியில் பொதுப் பிழை என்ன சொல்லுமோ, அதையே இதுவும் சொல்லுகின்றது. மூலம் ஒன்று.

சரி, மனிதருக்குள் வாருங்கள். சிம்பன்ஸிக்கும் நமக்குமே இந்தச் சங்கிலியில் வேற்றுமை காணோம் என்னும்போது, அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் எங்கே வேற்றுமை தேடுவது? ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றும்போது ஏ, பி, ஏபி, ஓ என்று லாண்ட்ஸ்டெய்னர் 1901ல் வழி காட்டிய வகையைத்தான் பார்க்கிறார்கள், கோத்திரத்தைப் பார்ப்பதில்லை. பிரசவத்தில் இரத்தம் வடிந்து உயிர் ஊசலாடும் பெண்ணுக்கு, ஊர் பேர் தெரியாத ஒருவன் கொடுத்த இரத்தம் ஏறிப் பிழைக்க வைக்கின்றது. அந்த வீட்டார் அப்போது வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் இரத்த சுத்தம் ஞாபகத்துக்கு வருகின்றது.

மனிதருடைய ஹீமோகுளோபினில் வித்தியாசமே கிடையாதா என்றால், உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுவதுதான் பகுத்தறிவு. 1952ல் லேமன், கட்புஷ் என்னும் இருவர், நீலகிரி மலைவாசிகளின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் அணு என்னும் மாறுதல் அங்கே இருப்பதைக் கண்டார்கள். பீட்டா சங்கிலியின் 146 மணிகளில் 6வது மணி ஒன்று மட்டும் மாறியிருக்கின்றது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தப் படி வந்தால் பெரும்பாலும் நோய் இல்லை. மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. இருவரிடமிருந்தும் வந்தால் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, இரத்தக் குழாயை அடைத்து, பொறுக்க முடியாத வலியும் சோகையும் உண்டாகும். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் மத்திய இந்தியாவிலும், மலேரியாக் கொசு மிகுந்த இடங்களில் இதே மாறுதல் இருக்கின்றது. ஆக, இரத்தத்தில் வித்தியாசத்தை உண்டாக்கியது பிரமனுடைய முகமுமல்ல, காலுமல்ல, கொசு. அந்த வித்தியாசத்தை ஒரு கூட்டத்துக்குள்ளேயே அடைத்து வைத்தது, கூட்டம் விட்டுக் கூட்டம் பெண் கொடுக்காத வழக்கம்.

இங்கேதான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வேண்டியது இருக்கின்றது. “இரத்தம் வெளியே போகக் கூடாது” என்று மாமன் மகளையும் அக்காள் மகளையும் விடாமல் கட்டிக் கொண்டு வருகின்றோமே, அதனால் கெட்டியாவது குலமல்ல. ஒரே பாட்டனிடமிருந்து வந்த ஒரே பிழையுள்ள ஏடு, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குழந்தைக்கு வந்து சேருவதற்கு அதைவிட நல்ல வழி வேறு கிடையாது. அரிவாள் அணுவும், தலசீமியா என்னும் மற்றோர் ஹீமோகுளோபின் குறையும் அப்படித்தான் வருகின்றன. பெற்றோர் இருவருக்கும் மறைவாய் அக்குறை இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு குழந்தைக்கு நோய் வர இடமுண்டு. குழந்தை வலியால் துடிக்கும்போது முன்ஜென்ம வினை என்று மந்திரிக்கிறார்கள், கயிறு கட்டுகிறார்கள். வினை முன்ஜென்மத்ததல்ல, கல்யாணத்துக்கு முன் ஒரு சொட்டு இரத்தம் சோதித்துப் பார்க்காததுதான். இந்திய அரசாங்கம் 2023 ஜூலையில் அரிவாள் அணுச் சோகையை ஒழிப்பதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கி, மக்களைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கச் செலவிடும் பணத்தில் ஒரு பாகம் போதும், மாப்பிள்ளை பெண் இருவருடைய இரத்தத்தையும் சோதித்துவிடலாம். செவ்வாய் எங்கேயிருக்கிறது என்பதைவிட, 6வது மணி எப்படியிருக்கிறது என்பது பிறக்கப் போகும் பிள்ளைக்கு அவசியம்.

“மனிதனை மண்புழுவோடும் குரங்கோடும் உறவு சேர்ப்பது அவமானமல்லவா?” என்று சிலர் மனம் நோகக் கூடும். தோழர்களே! மண்புழு உழவனுக்கு உபகாரி. அதற்கு உறவென்பதில் என்ன அவமானம்? நம் பக்கத்தில் பண்ணை வேலை செய்து, கூலி போதாமல் வயல் நண்டையும் நத்தையையும் பிடித்துத் தின்று வயிறு வளர்த்தவர்களை, நண்டு தின்னி, நத்தை தின்னி என்று கேலி செய்தார்களே, அது அவமானம். தான் பயிரிட்ட நெல்லை வேறு வீட்டுப் பத்தாயத்தில் கொட்டிவிட்டு, அவன் நண்டு வளையில் கை விட வேண்டியிருந்ததே, அது அவமானம். அவனுடைய இரத்தமும் பத்தாயத்துக்காரனுடைய இரத்தமும் ஒரே 574 மணிகளால் ஆனவை என்பது இருவருக்கும் அவமானமல்ல, உண்மை.

ஆகவே, இரத்தத்தின் பேரால் உயர்வு கொண்டாடுகிறவர்களை நாம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் இரத்தம் வேறு என்றால், எந்தச் சங்கிலியில், எத்தனையாவது மணியில் வேறு என்று காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால், அந்தப் பேச்சை விட்டுவிட்டு, விருப்பப்பட்ட ஆணையும் பெண்ணையும் உயிரோடு வாழ விடுங்கள். வாசகர்களும் தங்கள் வீட்டில் அடுத்த கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, ஜாதி என்ன என்று கேட்கும் நாக்கை அடக்கி, இரத்தம் சோதித்தாயிற்றா என்று கேட்கப் பழகட்டும். பாபநாசத்துக் குளத்தில் முழுகிப் போகாத இழிவு, இந்த ஒரு கேள்வியில் கொஞ்சமாவது போகும்.